பன்னிரண்டாவது விதி

எங்கள் வீட்டில் மொத்தம் இரண்டு பேர், இரண்டு கட்சி. இவர் ஹார்ட்கோர், நான் கேஷுவல். பெயர் வைத்தது நானில்லை, இவர்தான். ஹார்ட்கோர் என்றால் கேமை உயிராக நினைத்து ஆடுகிறவர்கள். கேஷுவல் என்றால் பஸ் வரும்வரை ஆடிவிட்டு, வந்ததும் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஏறிப் போகிறவர்கள். இதைச் சொல்லும்போது இவர் முகத்தில் ஒரு பெரிய மனுஷத் தோரணை வரும். அதைப் பார்த்ததும் நான் வேண்டுமென்றே போனை எடுத்துப் பழங்களை உடைக்க ஆரம்பிப்பேன்.

ஆமாம், நான் ஆடுவது பழ கேம். மூன்று ஆரஞ்சு சேர்ந்தால் உடையும், நான்கு சேர்ந்தால் வெடிக்கும். தோற்றால் ஒரு இதயம் போகும். மொத்தம் ஐந்து இதயம். ஐந்தும் தீர்ந்துவிட்டால் அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும், ஒன்று திரும்ப வந்துவிடும். ஆறு வருடமாக ஆடுகிறேன், நாலாயிரத்துச் சொச்சம் லெவல் தாண்டியாகிவிட்டது.

"ஆறு வருஷம் விடாம ஆடுறவ எப்படிங்க கேஷுவல்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எத்தன வருஷம்ங்கிறது பேச்சே இல்ல, பழக்கடை. தோத்தா உனக்கு வலிக்குதா?"

"எதுக்கு வலிக்கணும்? அரைமணி நேரத்துல திரும்ப வந்துரும்."

"அதான் கேஷுவல்."

அன்றிலிருந்து எனக்குப் பழக்கடை என்றே பெயர் நிலைத்துவிட்டது. நான் மட்டும் சும்மா இருப்பேனா? இவருக்கு ராணுவம் என்று வைத்தேன்.

எனக்கு வலிக்காத விளையாட்டுதான் வேண்டும். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் அரைக்கிறவள். வாடிக்கையாளர் தேர்ந்தெடுத்த ஃபிரேமின் வடிவத்துக்கு லென்ஸின் விளிம்பை மெஷினில் அரைக்க வேண்டும். கால் மில்லிமீட்டர் கூடிப்போனால் லென்ஸ் ஃபிரேமில் நிற்காமல் கழன்று விழும். அரைத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. நாள் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு வந்தால், திரும்பத் திரும்ப உயிர் தருகிற பழங்களைப் பார்க்க ஆசையாக இருக்கும்.

இவருடைய வேலை நேர் எதிர். லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டில் எல்லாவற்றுக்கும் இன்னொன்று உண்டு. ஒரு கயிறு அறுந்தால் இன்னும் நாலு கயிறு. எல்லாம் அறுந்தாலும் பிரேக் வந்து கவ்விக்கொள்ளும். அதுவும் கைவிட்டால் கீழே பள்ளத்தில் ஸ்பிரிங். "லிஃப்ட்ல விழுந்து சாகிறது அவ்வளவு சுலபமில்ல," என்று பெருமையாகச் சொல்வார்.

அப்படிப்பட்ட மனிதர் சாயங்காலமானால் டிவி முன்னால் கன்ட்ரோலரோடு உட்கார்ந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வியர்க்க வியர்க்க ஒரே கேமை மூன்று வருடத்துக்கு மேலாக ஆடினார். அந்த கேம் எங்கள் வீட்டுக்குள் வந்த வாரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. என் வாழ்க்கையிலேயே மோசமான வாரம் அது. நான் உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். இவர் ஹாலில் ஒரு பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார். அந்த அட்டைப்பெட்டி கிழிகிற சத்தத்தை நான் மன்னிக்கவே இல்லை. மனுஷன் தப்பித்து ஓட ஒரு இடம் கண்டுபிடித்துவிட்டான், என்னை மட்டும் இங்கே விட்டுவிட்டான் என்று நினைத்தேன். சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் தேவலை.

இந்த வருடம் கம்பெனி இவரை ஒரு தீவுக்கு அனுப்பியது. அங்கே புதிதாகக் கட்டும் ஆஸ்பத்திரிக்கு நான்கு லிஃப்ட் பொருத்த வேண்டும், இருபது நாள் வேலை. நெட் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் அலுவலக போனில் பேசலாம். இதற்குமுன் இரண்டு முறை வெளியூர் வேலையைத் தட்டிக்கழித்தவரால் இந்த முறை தப்ப முடியவில்லை.

கிளம்புவதற்கு முதல்நாள் என்னைக் கூப்பிட்டு டிவி முன்னால் உட்கார வைத்தார். கேமை ஏற்கனவே திறந்து வைத்திருந்தார். கல்கோட்டை ஒன்றின் சின்ன அறை. கட்டில், அடுப்பு, ஒரு பெட்டி. நடுவில் தலையிலிருந்து கால்வரை இரும்புக் கவசம் போட்ட ஒரு உருவம், தண்ணீர் டிரம்முக்குக் கால் முளைத்தது போல நின்றது.

"தினமும் ஒரு வேள சாப்பாடு குடுக்கணும். இல்லன்னா பட்டினியில போயிரும்," என்றார். "இருபது நாள் பாத்துக்குவியா?"

"எங்கிட்டயா? நான் கேஷுவல்ங்க."

"அதான் எழுதி வச்சிருக்கேன்."

ஒரு முழுத்தாளை நீட்டினார். பதினொரு விதிகள். கோட்டையை விட்டு வெளியே போகாதே. கவசத்தைக் கழற்றாதே, தூங்கும்போதும். தண்ணீர்ப் பக்கம் போகாதே. பெட்டியில் இருக்கும் ரொட்டியைத்தான் முதலில் கொடு, கறி கடைசியில். யாராவது வணக்கம் சொன்னால் பதில் சொல்லாதே. இப்படியே போனது. குழந்தையை விட்டுப் போகிறவர்கள்கூட இவ்வளவு எழுத மாட்டார்கள் என்று வாய்வரை வந்தது. எங்கள் வீட்டில் அந்த வார்த்தையை நாங்கள் பேசுவதில்லை, அதனால் விழுங்கிவிட்டேன்.

மறுநாள் இவர் போன பிறகு இவர் தந்திருந்த பாஸ்வேர்டைப் போட்டு நானே முதல்முறையாகத் திறந்தேன். திரையில் எழுத்துகள் வந்தன. வருக, பட்டாணி. இன்று உன் 1198ஆம் நாள்.

கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

முதல் ஸ்கேனில் டாக்டரம்மா, "இப்ப பட்டாணி அளவுதான் இருக்கு," என்றார். வீட்டுக்கு வரும் வழியிலேயே பெயர் ஒட்டிக்கொண்டது. பட்டாணி என்ன சொல்லுது, பட்டாணிக்குப் பசிக்குதாம், பட்டாணி இன்னைக்கு உன்ன ஏன் இப்படிப் படுத்துது. நாலாவது மாதம் எல்லாம் முடிந்துபோனது. யார் தப்புமில்லை என்று டாக்டரம்மா மூன்று தடவை சொன்னார். என் உடம்பு, நான் சுமந்தது, அப்புறம் யார் தப்பு என்று நான் மனதுக்குள் கேட்டுக்கொண்டேன். அன்றோடு அந்தப் பெயரை இருவரும் வாயால் சொல்லவில்லை. மூன்று வருடம், மூன்று மாதம்.

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். 1198 நாள் என்பது சரியாக அந்த வாரத்துக்குப் போய் நின்றது. இவர் ஓடிப்போக இடம் தேடவில்லை. ஹாலில் உட்கார்ந்து, தினமும் சோறு போட்டு, இரும்பு மாட்டி, பட்டாணியை வளர்த்துக்கொண்டிருந்தார். நான் அதைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். பாஸ்வேர்டைக் கொடுத்தால் பெயரைப் பார்ப்பேன் என்று இவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் கொடுத்திருக்கிறார். வாயால் சொல்ல முடியாததைக் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஆறு நாள் விதி பிசகாமல் பார்த்துக்கொண்டேன். கடையிலிருந்து வந்ததும் கைகழுவிவிட்டு முதல் வேலை அதுதான். ரொட்டி கொடுத்து, கட்டிலில் படுக்கவைத்து, டிவியை அணைப்பேன். ஏழாம் நாள் ஞாயிறு. போன் வந்தது. பின்னால் டிரில் மெஷின் சத்தம்.

"சாப்பிட்டியா?" என்றார்.

"ம்."

"அவ சாப்பிட்டாளா?"

அவள் என்றார். நான் மனதில் ஆண் குழந்தை என்றே வைத்திருந்தேன். இவர் பெண் என்று வைத்திருக்கிறார். இதைக்கூட நாங்கள் பேசிக்கொண்டதில்லை. "சாப்பிட்டா. நல்லா இருக்கா," என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் விதியை மீறினேன். ஹெல்மெட்டைக் கழற்றினேன்.

ஆறேழு வயதிருக்கும். இவருடைய அகல நெற்றி. என்னுடைய மோவாய், நடுவில் குழியோடு. இந்த மாதிரி கேமில் முகத்தை நாமே செய்துகொள்ளலாம் என்று இவர் எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. என் மோவாயை இப்படிச் செதுக்க இவர் எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருப்பார்? செய்து முடித்துவிட்டு மேலே இரும்பை மாட்டி மூடிவிட்டார். மூன்று வருடத்துக்கு மேலாக அந்த முகத்தில் காற்றே பட்டதில்லை.

நான் கேஷுவல். எனக்கு ஜெயிக்கத் தெரியாது, சுற்றிப் பார்க்கத்தான் தெரியும். மறுநாள் கவசத்தைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு அவளைச் சந்தைக்குக் கூட்டிப்போனேன். மஞ்சள் கவுன் ஒன்று வாங்கினேன். அதற்காக ஒரு கறுப்புக் கேடயத்தை விற்க வேண்டியிருந்தது, அது இவர் கோட்டைக்குள்ளேயே நாலு மாதம் பாடுபட்டு வாங்கியது என்று எனக்கு எப்படித் தெரியும்? கோட்டை வாசலில், வேறெங்கோ உட்கார்ந்து ஆடுகிற யாரோ ஒருவர் வணக்கம் சொன்னார், நானும் வணக்கம் சொன்னேன். "இத்தன வருஷமா பாக்கிறேன், ஒரு வார்த்த பேசினதில்லையே," என்று எழுதினார். அவளுக்கு இன்று வாய் வந்துவிட்டது என்று எழுதினேன். ஒரு காது தொங்கிய நாய் அவள் பின்னாலேயே வந்தது, ரொட்டியில் பாதியை அதற்குக் கொடுத்தேன். படம் பிடிக்க ஒரு பட்டன் இருந்தது. சும்மா விடுவேனா? பூ பறிக்கும்போது ஒன்று, மழையில் நிற்கும்போது ஒன்று, நாயோடு ஏழெட்டு, இப்படித் தினமும் எடுத்துத் தள்ளினேன்.

இரண்டாவது ஞாயிறு போனில், "வெளிய போகல இல்ல?" என்று கேட்டார். "போகல," என்று பச்சைப் பொய் சொன்னேன். அவள் ஊர் சுற்றுகிறாள் என்றால் இவர் தீவிலிருந்து நீந்தியே வந்துவிடுவார்.

கடலுக்கு மூன்று நாள் நடை. தினமும் அரைமணி நேரம் நடத்திக் கூட்டிப்போய், வழியில் சத்திரத்தில் தூங்கவைத்துவிட்டு டிவியை அணைப்பேன். பதினெட்டாம் நாள் சாயங்காலம் மலை ஏறி முடித்தோம். கடல் இருந்தது. அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. உட்காரும் பட்டனை அழுத்தி அவளைப் பாறைமேல் உட்கார வைத்தேன். மஞ்சள் கவுன் காற்றில் ஆடியது. நாய் பக்கத்தில் படுத்தது. அஞ்சு நிமிடம் இரண்டு பேரும் எதுவும் செய்யாமல் கடலைப் பார்த்தோம். நான்கு படம் எடுத்தேன்.

கீழே மணலில் சிப்பிகள் தெரிந்தன. சுற்றி இறங்கினால் இன்னும் ஒருநாள் ஆகும். குதித்தால் உடனே. அடிபட்டால் ஒரு இதயம் போகும், போகட்டும், இத்தனை நாளில் ஒன்றுகூடச் செலவழிக்கவில்லையே என்று நினைத்தேன். குதிக்கும் பட்டனை அழுத்தினேன்.

திரை சாம்பல் நிறமானது. பட்டாணி. 1215 நாட்கள் வாழ்ந்தாள்.

எனக்குப் பதற்றமே வரவில்லை, அதுதான் கொடுமை. சரி, அரைமணி நேரம் என்று கடிகாரத்தைப் பார்த்தேன். டீ போட்டேன். துணி மடித்தேன். அரைமணி ஆனதும் வந்து பட்டனை அழுத்தினேன். புதிய பெயரைக் கொடுக்கவும் என்றது. இன்னும் பத்து நிமிடம் போகட்டும் என்று உட்கார்ந்தேன். திரும்ப அழுத்தினேன். அப்போதுதான் திரையின் கீழ்மூலையில் பொடி எழுத்தைப் படித்தேன். ஒரே உயிர் ஆட்டம்.

விதித் தாளை எடுத்து மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் படித்தேன். பதினொன்றிலும் அது இல்லை. கண்ணாடிக்கடையில் புதிதாக வருகிறவர்களிடம் லென்ஸைக் கீழே போடாதே என்று யாராவது சொல்கிறோமா? கண்ணாடி என்றால் உடையும் என்று எல்லோருக்கும் தெரியும் என்றுதானே இருக்கிறோம். அதுபோலத்தான் இவரும் இருந்திருக்கிறார்.

தரையில் உட்கார்ந்து அழுதேன். முதல் தடவை அழாததையும் சேர்த்து அழுதேன். இரண்டாம் தடவையும் என் பொறுப்பில் இருக்கும்போதுதான் போனாள். இவர் ஆயிரத்து இருநூறு நாள் கண்ணுக்குள் வைத்துக் காத்ததை நான் பதினெட்டே நாளில் போக்கிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை கடையில் இரண்டு லென்ஸை வீணாக்கினேன். கரண்ட் போய்விட்டது என்று சொல்லலாமா, கேமே கெட்டுப்போய்விட்டது என்று சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டே அரைத்தால் வேறென்ன ஆகும்? எந்தப் பொய்யைச் சொன்னாலும் பட்டாணியைப் பற்றி மறுபடியும் பேசாமல் இருக்க வேண்டும். இன்னும் மூன்று வருடம் அப்படி இருக்க என்னால் முடியாது என்று மட்டும் தெரிந்தது.

சனிக்கிழமை மதியம் வந்தார். கறுத்து, இளைத்துப் போயிருந்தார். செருப்பைக் கழற்றும்போதே கண் டிவிப் பக்கம் போனது. குளித்துவிட்டு வரட்டும், சாப்பிடட்டும் என்று நினைத்திருந்தேன். பையைக் கீழே வைப்பதற்குள் என் வாய் முந்திக்கொண்டது.

"ஏங்க, அவ போயிட்டா. நான்தான். மேலருந்து குதிக்க வச்சேன். திரும்ப வரும்னு நெனச்சேன்."

பை கையிலேயே இருந்தது. அப்படியே சோபாவின் விளிம்பில் உட்கார்ந்தார். திட்டுவார், எழுந்து வெளியே போவார் என்று காத்திருந்தேன்.

"பதினொண்ணு எழுதினேன்," என்றார். "அத எழுதல."

"எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

"எப்படித் தெரியும்? நான் சொன்னாத்தான தெரியும். நான் உங்கிட்ட எதத்தான் சொன்னேன்?"

இவர் தோளில் கை வைத்தேன்.

"எங்க விழுந்தா?"

"கடல்கிட்ட. மலை மேல."

தலை நிமிர்ந்தார். "கடலா? அங்க வரைக்குமா கூட்டிட்டுப் போன?"

"மூணு நாள் நடந்தோம்."

"நான் ஒருநாள்கூடப் போனதில்ல. வழியெல்லாம் ஆபத்து. கோட்டைய விட்டே நான் அவள..." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கடல் பாத்தாளா?"

"பாத்தா. உக்காந்து பாத்தா. அஞ்சு நிமிஷம்."

ஹெல்மெட் பற்றிக் கேட்டார். ஏழாம் நாளே கழற்றிவிட்டதாகச் சொன்னேன். "அப்ப மூஞ்சியப் பாத்துட்ட," என்றார். "என் மோவாய எப்படிங்க அவ்வளவு சரியா வச்சீங்க," என்றேன். "நீ தூங்கும்போது பாத்துப் பாத்து வச்சேன்," என்றார். பகலெல்லாம் நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்த நாட்கள் அவை. தூக்கத்தில் எப்போதாவது இந்தப் பக்கம் புரண்டிருப்பேன் போல.

டிவியைப் போட்டேன். அவள் போன பிறகும் படங்கள் போகவில்லை, இருநூற்றுப் பன்னிரண்டு இருந்தன. மூன்று வருடத்தில் இவர் ஒன்றுகூட எடுத்ததில்லையாம். எடுப்பதற்கு அந்த அறையில் என்ன இருந்தது? ஒவ்வொன்றாகத் தள்ளினேன். சந்தை. மஞ்சள் கவுன். "இதுக்கு எத வித்த?" என்றார். கறுப்புக் கேடயம் என்றேன். "கவுன் நல்லாத்தான் இருக்கு," என்றார். நாயைப் பார்த்துச் சிரித்தார். மழையில் அவள் அண்ணாந்து நிற்கும் படத்தில் நிறுத்தச் சொன்னார். நனைந்தால் காய்ச்சல் வருமே என்றார், கேமில் வருமாம். வந்தது, ஒருநாள் கட்டிலிலேயே வைத்திருந்து கஞ்சி கொடுத்தேன் என்றேன். ம், அதுதான் சரி என்றார்.

கடைசிப் படத்துக்கு வந்தோம். பாறை, நாய், கடல், முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் மஞ்சள் கவுன். இவர் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தார். நானும் போய் ஒட்டி உட்கார்ந்தேன்.

"பட்டாணி," என்றார்.

மூன்று வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டில் அந்தப் பெயர் சத்தமாகக் கேட்டது அப்போதுதான். நானும் சொன்னேன். சொல்ல வந்தது. இரண்டு பேரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் துடைத்துக்கொண்டு, பையைக்கூடப் பிரிக்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

அப்புறம் இவர் கன்ட்ரோலரை என் மடியில் வைத்தார்.

"மொதல்லருந்து இன்னொரு தடவ காட்டு. மெதுவா."

காட்டினேன்.